பதினோரு பேரைக் கொண்டு வந்தவர்

அத்தியாயம் 17

அழைப்பு மணி அடித்தபோது அப்பாவின் இடது கால் ஷூ கமாக்காவின் கையில் இருந்தது. வலது கால் ஷூவைத்தான் காலையிலிருந்து காணவில்லை.

"டேய், கட்டிலுக்கு அடியில நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன்க்கா. ஷூ இல்ல. ரெண்டு வருஷமா நான் தேடிட்டிருந்த ஸ்பேனர்தான் கிடைச்சுது" என்று தரையிலிருந்து குரல் கொடுத்தான் தம்பி. நாற்பத்தெட்டு வயது லிஃப்ட் மெக்கானிக். கட்டிலுக்கு அடியிலிருந்து அவனுடைய கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

மணி மறுபடி அடித்தது.

அன்று மாலை நான்கு மணிக்கு, முன்னாள் படைவீரர் சங்க மண்டபத்தில், எண்பத்தாறு வயது அப்பாவுக்குப் பாராட்டு விழா. அதற்கான முஸ்தீபுகளில் வீடே தலைகீழாகக் கிடந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். நடுவில் யாரோ ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, "கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். அந்தப் பதினோரு பேர்ல எங்கப்பாவும் ஒருத்தர். சனிக்கிழமை காலையில நேர்ல வரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அதை நீங்கள் மறந்திருந்தால் குற்றமில்லை. இந்த வீட்டிலும் சுத்தமாக மறந்துபோயிருந்தார்கள்.

கமாக்கா ஷூவும் கையுமாகப் போய்க் கதவைத் திறந்தாள்.

அறுபது வயதிருக்கும் ஒரு பெண்மணி நின்றிருந்தார். தோளில் துணிப்பை, கையில் நாலாக மடித்த ஒரு தாள்.

"நான்தான் போன் பண்ணினேன். கண்ணாடிக் கடை வச்சிருக்கேன்னு சொன்னேனே, மூக்குக் கண்ணாடிக் கடை."

"ஐயோ, ஆமா! வாங்க, உள்ள வாங்க. வீடு இருக்கற கோலத்தப் பாக்காதீங்க."

வந்தவர் வீட்டைப் பார்க்கவே இல்லை. உட்காரவும் இல்லை. கையிலிருந்த தாளை விரித்தார். சங்கத்தின் மாத இதழ். நான்காம் பக்கத்தில் ஒரு வரிக்கு அடியில் பேனாவால் கோடு போட்டிருந்தது. அதைச் சத்தமாகவே படித்தார்.

"'போர்முனையிலிருந்து பதினோரு வீரர்களை உயிருடன் மீட்டு வந்த ஓட்டுநர்.' இத எழுதினது யாரும்மா?"

"நான்தான்" என்றாள் கமாக்கா. பெருமை குரலில் வழிந்தது. "அப்பா சொல்லச் சொல்ல நானே எழுதினேன். உங்க அப்பாவும் அதுல ஒருத்தரா? எவ்ளோ சந்தோஷமா இருக்கு! அவர் இப்ப எங்க இருக்காரு?"

வந்தவர் ஷூவைப் பார்த்தார், பிறகு கமாக்காவைப் பார்த்தார்.

"அதக் கேக்கத்தாம்மா நான் வந்திருக்கேன்."

கமாக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. தம்பிக்கும் புரியவில்லை என்பது, கட்டிலுக்கு அடியிலிருந்து அவன் எழுந்த அவசரத்தில் தலையை இடித்துக்கொண்ட சத்தத்திலிருந்து தெரிந்தது.

கண்ணாடிக் கடை அம்மா அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்தார். அவருடைய அம்மாவுக்குப் பட்டாளத்திலிருந்து வந்தது. இன்ன தேதியில், இன்ன இடத்தில், 471 என்ற எண்ணுள்ள லாரியில் அவர் கணவரை ஏற்றி அனுப்பியதாக எழுதியிருந்தது. கூடவே ஒரு சவப்பெட்டியும் வந்தது. திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"அப்ப எனக்கு ரெண்டு வயசு. அப்பா மூஞ்சி எனக்குத் தெரியாது, போட்டோல பாத்ததுதான். திறந்து பாக்காத பெட்டிய எப்படி நம்பறதுன்னு எங்கம்மா சாகற வரைக்கும் கேட்டுட்டே இருந்தாங்க. நாலு வருஷம் ஆச்சு, அவங்களும் போயிட்டாங்க. இப்ப நீங்க எழுதியிருக்கீங்க. அதே தேதி. அதே லாரி நம்பர். உயிரோடன்னு எழுதியிருக்கீங்க."

கமாக்கா கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தாள்.

அவளைப் பற்றி ஒரு வார்த்தை. அச்சகத்தில் இருபத்தாறு வருஷமாக மெய்ப்புத் திருத்துகிறவள். விட்டுப்போன கமாக்களைத் துரத்தித் துரத்திப் பிடித்ததில் அச்சகத்தில் வைத்த பெயர், வீடு வரை வந்து ஒட்டிக்கொண்டது. அடுத்தவர் எழுத்தில் ஒரு புள்ளி குறைந்தாலும் தாங்காது அவளுக்கு. இன்று தன் எழுத்தையே ஒருவர் நீட்டி இது நிஜமா என்று கேட்கிறார்.

"அப்பாவையே கேட்டுருவோம்" என்றான் தம்பி, தலையைத் தேய்த்துக்கொண்டே.

கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. காலையில் குளித்து முடிக்கும் வரை பெரியவர் தெளிவாக இருப்பார். அதற்குப் பிறகு அவர் எந்த வருஷத்தில் இருக்கிறார் என்பதை அவரிடம்தான் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். சில நாள் பட்டாளத்தில் ஒன்பது வருஷம் லாரி ஓட்டிய காலத்தில் இருப்பார். சில நாள் அதற்குப் பிறகு இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய காலத்தில் இருப்பார்.

உள்ளறைக் கதவு திறந்தது. இஸ்திரி போட்ட சட்டையும் நெஞ்சில் பழைய பதக்கமுமாகப் பெரியவர் வந்து நின்றார். கழுத்துப் பொத்தான் வரை சரியாகப் போட்டிருந்தார். இடது கால் வெறுங்கால். வலது கால் ஷூ அவர் காலிலேயே இருந்தது.

"இதப் போட்டுட்டா தூங்கினீங்க?" என்று தம்பி கேட்டான்.

"ஒண்ணு போட்டேன். இன்னொண்ண உங்கக்கா எடுத்துட்டுப் போயிட்டா. நான் என்ன பண்ணட்டும்?"

குளித்துவிட்டாரா இல்லையா என்று அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலை ஈரமாக இருந்தது.

கண்ணாடிக் கடை அம்மா எழுந்து நின்றார். பையிலிருந்த புகைப்படத்தை இரண்டு கையாலும் நீட்டினார். "ஐயா, இவர உங்களுக்குத் தெரியுமா?"

பெரியவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். முகம் மலர்ந்தது.

"இவனா? வாயே மூட மாட்டானே! வழி பூரா பேச்சு."

கண்ணாடிக் கடை அம்மாவின் கை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டது. "வழி பூரான்னா? எந்த வழி ஐயா? லாரியிலயா?"

"பள்ளம் வருது, பள்ளம் வருதுன்னு நான் சொல்லிட்டே வரேன். அவன் பாட்டுக்குப் பேசறான்." பெரியவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. வாசலைப் பார்த்தார். "மணி என்ன? பிள்ளைங்க எல்லாம் ஏறியாச்சா? அந்தக் கடைசி வீட்டுக் குட்டி இன்னும் வரல பாரு. ஒரு ஆரன் அடி."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனை முறை மாற்றி மாற்றிக் கேட்டும் கடைசி வீட்டுக் குட்டியைத் தாண்டி அவர் வரவில்லை.

*

சமையலறையில் கமாக்கா டீ போடுகிற சாக்கில் நின்றிருந்தாள். அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

"உயிரோட இருந்திருக்காரு போலடா" என்றாள் ரகசியமாக. "அப்புறம் ஏன் பெட்டி அனுப்பினாங்க?"

"எனக்கு மண்டையே வெடிக்குது. நீ எழுதினது அப்பா சொன்னதுதானே? அப்படியேதானே எழுதின?"

"அப்படியேதான்." தீப்பெட்டியைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டு, "கொஞ்சம் திருத்தினேன்" என்றாள்.

"என்னத்தத் திருத்தின?"

அவள் கைப்பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்து வந்தாள். அப்பா தெளிவாக இருந்த ஒரு காலையில், அவர் வாயிலிருந்து வந்ததை வந்தபடியே எழுதி வைத்திருந்தாள். தம்பி வாங்கிப் படித்தான்.

"'பதினோரு பேரைக் கொண்டு வந்தேன். எங்கயும் வேகமா ஓட்டல. ஒரு நாள் ரோட்ட ரெண்டு நாள் ஓட்டினேன்.'" அவன் நிமிர்ந்தான். "கொண்டு வந்தேன்னா சொன்னாரு?"

"ஆமா. சின்ன வயசுலேர்ந்து அப்படித்தானே சொல்வாரு. அத எப்படிடா அச்சுல போடறது? பதினோரு பேரைக் கொண்டு வந்தவர்னு போட்டா, அரிசி மூட்ட கொண்டு வந்த மாதிரி இருக்கு. பட்டாளத்துல பல பாஷ பேசிப் பேசி அப்பா தமிழ் கெட்டுப்போச்சு, பாவம்னு நெனச்சு..."

"அக்கா."

"...மீட்டு வந்தார்னு மாத்தினேன். மீட்டுன்னாலே உயிரோடதானே? அதனால..."

"அக்கா, கொஞ்சம் நிறுத்து." தம்பி நோட்டை மேடை மேல் வைத்தான். "நான் ஆஸ்பத்திரி லிஃப்ட் எத்தன ரிப்பேர் பண்ணியிருக்கேன். அங்க வேல செய்யறவங்க பேசறதக் கேட்டிருக்கேன். சக்கர நாற்காலில வந்தாலும், ஸ்ட்ரெச்சர்ல நெனவே இல்லாம வந்தாலும், 'பேஷண்ட்ட கூட்டிட்டு வரோம், லிஃப்ட்ட நிறுத்துங்க'ன்னுதான் சொல்வாங்க. அடித்தளத்துல ஒரு ரூம் இருக்கு பாரு, அங்க போறப்ப மட்டும்தான் 'கொண்டு போறோம்'பாங்க."

கமாக்கா நோட்டைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியை மறுபடி படித்தாள்.

"அப்பா தமிழ்ல ஒரு தப்பும் இல்லக்கா" என்றான் தம்பி.

அவளுக்கு முதலில் வந்தது வெட்கம். அழுகை அதற்குப் பின்னால் வந்தது. ஐம்பது வருஷமாக அப்பா அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டு மேஜையில் சொல்லியிருக்கிறார், அவளுக்குத் தலை பின்னிவிடும்போது சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குக் காலை வேலை இருந்த நாட்களில் பின்னல் அப்பா கைங்கரியம்தான், லாரிக் கயிற்றைக் கட்டுகிற இறுக்கத்தில் போட்டுவிடுவார். பதினோரு பேரை அவர் காப்பாற்றிக் கூட்டி வந்தார் என்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டார்கள். அவர் ஒருமுறையும் மறுத்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

"அப்ப பேசிட்டே வந்தான்னாரே?" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "செத்தவங்க எங்கடா பேசுவாங்க?"

"அப்பாதான் பேசியிருப்பாரு. தனியா அத்தன பேர வச்சுட்டு ரெண்டு நாள் ஓட்டினா நானும்தான் பேசுவேன்."

"இப்ப அந்தம்மாகிட்ட யாரு சொல்றது?"

தம்பி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்று போய்விட்டான்.

டீயோடு கூடத்துக்கு வந்த கமாக்கா அங்கேயே நின்றாள். கண்ணாடிக் கடை அம்மா பெரியவரின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, தம்பியிடம் ஒரு கிண்ணத்தில் வெந்நீர் வாங்கி, அதன் கோணிய காலை நனைத்து நனைத்து விரலால் வளைத்துக்கொண்டிருந்தார். மூக்கில் அழுந்துகிற இடத்தைத் தளர்த்தினார். முந்தானையால் துடைத்து, பெரியவர் காதில் மாட்டி, தலையைச் சாய்த்துச் சரிபார்த்தார்.

"எத்தன வருஷமா ஐயா இப்படிக் கோணலாப் போட்டுட்டிருக்கீங்க?"

"உலகமே கோணலாத்தான் இருக்குன்னு நெனச்சேன்மா" என்றார் பெரியவர்.

கண்ணாடிக் கடை அம்மா சிரித்தார். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. அப்போது அவருடைய தொலைபேசி ஒலித்தது. எடுத்து, கமாக்காவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஆமாடி, வந்துட்டேன். ஐயா தாத்தாவ அடையாளம் சொல்லிட்டாரு. வழி பூரா பேசிட்டு வந்தாராம். உங்க தாத்தா உயிரோடதான் இருந்திருக்காருடி. உன் தம்பிக்கும் சொல்லிரு."

கமாக்கா டீயை மேஜையில் வைத்தாள். சொல்ல வாயெடுத்தாள். "சர்க்கரை போதுமா பாருங்க" என்றுதான் வந்தது. தன் மேலேயே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

*

மூன்று மணிக்குத் தம்பியின் காரில் கிளம்பினார்கள். பெரியவர் முன்னால். பெண்கள் இருவரும் பின்னால்.

தெரு முனை திரும்பியதும் பெரியவர், "பள்ளம்" என்றார்.

கார் குலுங்கியது.

"வேகத்தடைப்பா" என்றான் தம்பி.

"எதுவா இருந்தா என்ன? சொல்லிட்டு ஏறணும்."

அவர் ஓட்டிய பள்ளிக்கூட பஸ்ஸில் போன பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் 'பள்ளம் தாத்தா'தான். ஒவ்வொரு குழிக்கும் முன்னால் தலையைத் திருப்பாமல் "பள்ளம்" என்று குரல் கொடுப்பார், பஸ் மொத்தமும் "பள்ளம்!" என்று திருப்பிக் கத்தும். வீட்டில் அம்மா பாத்திரத்தைத் தவறவிட்டால்கூட "பள்ளம் சொல்லலையே நீங்க" என்பாள். இருக்கும்வரை அந்த ஒரு நக்கலை அவள் விட்டதில்லை.

"ஏன் ஐயா, எப்பவும் இப்படிச் சொல்வீங்களா?" என்று கண்ணாடிக் கடை அம்மா முன்னால் குனிந்து கேட்டார்.

"பின்னால ஆளுங்க படுத்திருக்காங்கம்மா. சொல்லாம கொள்ளாமத் தூக்கிப் போட்டா நல்லாவா இருக்கும்? பள்ளம்."

கார் மறுபடி குலுங்கியது. கண்ணாடிக் கடை அம்மா கண் கலங்கி கமாக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அடிபட்டுக் கிடந்தவங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னு எவ்ளோ பாத்திருக்காரு பாருங்க. இவரால எங்கப்பா பொழச்சிருக்காருன்னா, நான் இவருக்கு என்ன செய்யறது?"

முன் கண்ணாடியில் தம்பியின் கண் கமாக்காவைப் பார்த்தது. இதற்கு மேல் தாங்காது.

மண்டபத்தில் இறங்கியதும் அவள், "டேய், நீ அப்பாவக் கூட்டிட்டுப் போ" என்றாள். படியோரமாக, அப்பாவின் பெரிய படமும் அந்த வரியும் அச்சிட்ட பதாகைக்குப் பக்கத்திலேயே, கண்ணாடிக் கடை அம்மாவை நிறுத்திக்கொண்டாள். சுற்றி வளைக்கவில்லை. நோட்டைப் பிரித்து அப்பா சொன்னதைக் காட்டினாள். தான் மாற்றியதைச் சொன்னாள். தம்பி சொன்னதைச் சொன்னாள்.

"மீட்டு வரலக்கா. கொண்டுதான் வந்திருக்காரு. நான்தான் தமிழ் தெரிஞ்ச மாதிரி மாத்திட்டேன்."

கண்ணாடிக் கடை அம்மா நோட்டைப் படித்தார். பதாகையைப் படித்தார். மறுபடி நோட்டைப் படித்தார்.

"ஒரு சொல்லா?" என்றார்.

"ஆமாக்கா."

"நாலு நாளா எனக்குத் தூக்கம் இல்ல. அம்மா போட்டோகிட்ட போய், நீ சொன்னது சரிதாம்மான்னு சொல்லிட்டு வந்தேன். பேரப்பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிட்டேன். எல்லாம் உங்க ஒரு சொல்லுக்கா?"

கமாக்காவால் தலையை நிமிர்த்த முடியவில்லை. 

"வழி பூரா பேசினான்னாரே?"

"அதுதான் எங்களுக்கும் புரியல. அப்பாதான் அவங்ககூடப் பேசிட்டே வந்திருப்பாருன்னு நெனைக்கிறோம்."

கண்ணாடிக் கடை அம்மா புகைப்படத்தைப் பைக்குள் வைத்து, பையின் வாயை இழுத்துக் கட்டினார். திரும்பிப் போய்விடுவார் என்று கமாக்கா நினைத்தாள். அவர் போகவில்லை.

"மேடையில சரியாப் படிங்க" என்றார். "மறுபடியும் உயிரோடன்னு உங்க வாயால நான் கேக்கக் கூடாது. இருந்து கேட்டுட்டுத்தான் போவேன்."

*

மண்டபத்தில் எழுபது எண்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் வெள்ளைத் தலைகள், நெஞ்சில் பதக்கங்கள். மீதிப் பேர் பள்ளிக்கூட பஸ்ஸில் வளர்ந்தவர்கள். பெரியவரைக் கண்டதும் பின்வரிசையிலிருந்து யாரோ "பள்ளம்!" என்று கத்த, மண்டபமே சிரித்தது. பெரியவர் கை தூக்கி வணக்கம் வைத்தார்.

மேடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் கமாக்கா சங்கச் செயலாளரைப் பிடித்தாள். கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரத்தை அவர் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"திருத்தணுமா? இப்பவா? என்னம்மா விளையாடறீங்க! சிறப்பு விருந்தினர் கையெழுத்தே போட்டாச்சு. அவர் பெரிய அதிகாரியா இருந்து ஓய்வு பெற்றவர், தெரியுமில்ல?"

"ஒரு நிமிஷம் குடுங்க சார்."

"சட்டம் திருகாணி போட்டு முடுக்கியிருக்கு."

தம்பி சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தான். அது இல்லாமல் அவன் எங்கேயும் போவதில்லை. நான்கு திருகாணிகளும் வரிசையாக வெளியே வந்தன. செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கமாக்கா தாளை உருவி மேஜையில் வைத்து, கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். 'உயிருடன் மீட்டு' என்ற இரண்டு சொற்களையும் அடித்தாள். அச்சகத்தில் போடுகிற அதே சுழியை ஓரத்தில் போட்டு, பக்கத்தில் 'கொண்டு' என்று எழுதினாள். திரும்பச் சட்டம் போட நேரம் இல்லை, தாளை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

மேடையில் சிறப்பு விருந்தினர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பெரியவர் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அழைத்ததும் கமாக்கா ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றாள். மூன்றாம் வரிசையின் ஓரத்தில் கண்ணாடிக் கடை அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

"போர்முனையிலிருந்து பதினோரு வீரர்களைக் கொண்டு வந்த ஓட்டுநர்" என்று படித்தாள்.

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. முன்வரிசை வெள்ளைத் தலைகளில் ஒன்று மெல்லக் குனிந்தது, பிறகு இன்னொன்று குனிந்தது. அவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இதழ்லயும் பதாகையிலயும் வேற மாதிரி இருக்கு. அது என் தப்பு" என்றாள். "எங்கப்பா எப்பவும் சரியாத்தான் சொன்னாரு. அவர் லாரில வந்தவங்க யாருக்கும் உயிர் இல்ல. தூக்கிப் போட்டா அவங்களுக்கு வலிக்கப் போறதில்ல. இருந்தும் ஒரு நாள் ரோட்ட ரெண்டு நாள் ஓட்டியிருக்காரு. ஒவ்வொரு குழிக்கும் முன்னாடி அவங்களுக்குச் சொல்லிட்டு ஓட்டியிருக்காரு. அப்புறம் எங்கள வளத்தாரு. உங்கள எல்லாம் இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. அப்பவும் சொல்லிட்டேதான் ஓட்டினாரு. நாம சிரிச்சோம். அவ்ளோதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

யாரும் கைதட்டவில்லை. பஸ் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். கண்ணாடிக் கடை அம்மா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். நான்கு நாள் இருந்த அப்பா இரண்டாம் முறையாகச் செத்துப்போனார் அவருக்கு. 

சிறப்பு விருந்தினர் எழுந்து பாராட்டுப் பத்திரத்தைப் பெரியவரிடம் கொடுத்தார். பிறகு புதுப் பதக்கத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தார்.

பெரியவர் பத்திரத்தைப் படித்தார். கண்ணாடி இப்போது கோணவில்லை. சிவப்பு மையை விரலால் தொட்டார். ஒரு வரியை இரண்டு முறை படித்தார். தலையை ஆட்டினார்.

"இதுவும் தப்பு" என்றார்.

ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்ததால் அது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அப்பா?" என்றாள் கமாக்கா.

"பத்து பேரத்தான் கொண்டு வந்தேன். ஒருத்தனக் கூட்டிட்டு வந்தேன்."

செயலாளர் அசட்டுச் சிரிப்போடு முன்னால் வந்தார். "ஐயாவுக்கு வயசாச்சு இல்லையா, கொஞ்சம் குழப்பம்..."

"எனக்கென்ன குழப்பம்?" பெரியவர் அவரைப் பார்த்த பார்வையில் செயலாளர் அங்கேயே நின்றுவிட்டார். "ஏத்தும்போது பதினொண்ணு. நான்தான் ஏத்தினேன். மொத திருப்பத்துலயே பின்னால ஒருத்தன் இருமினான். நிறுத்தி, எறக்கி, முன் சீட்டுல உக்கார வச்சேன். தண்ணி குடிச்சான். அப்புறம் வாயே மூடல."

தம்பி மேடையோரம் வரை வந்துவிட்டான். கமாக்கா அப்பாவின் முகத்தையே பார்த்தாள். பள்ளிக்கூட பஸ் அதில் இல்லை. கடைசி வீட்டுக் குட்டி இல்லை. காலை ஆறு மணிக்கு இருக்கிற அப்பா இருந்தார்.

மூன்றாம் வரிசையில் கண்ணாடிக் கடை அம்மா எழுந்து நின்றிருந்தார். மடியிலிருந்த பை கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

"எது வரைக்கும் ஐயா கூட்டிட்டு வந்தீங்க?" அங்கிருந்தே கேட்டார். 

"பாலம் வரைக்கும். எறங்கிக்கிறேன்னான். போர் இன்னும் முடியலடா, தப்பு, உன்ன விட மாட்டாங்கன்னு சொன்னேன். என்னத்தான் ஏற்கெனவே கணக்குல செத்தவனா எழுதியாச்சு, எறக்கி விடுன்னான். நிறுத்தினேன். கதவச் சாத்திட்டு நடந்தான். ஊர் போய்ச் சேர்ந்ததும் பதினொண்ணுன்னு எழுதின சீட்ட நீட்டினாங்க. கையெழுத்துப் போட்டேன். யாரும் தார்ப்பாயத் தூக்கிப் பாக்கல."

சிறப்பு விருந்தினர் பதக்கத்தை நீட்டிய கையை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டார். முன்வரிசையில் ஒருவர் ஏதோ சொல்ல எழுந்து, சொல்லாமல் உட்கார்ந்தார். அப்பாவைப் பாராட்ட வந்த கூட்டத்தின் முன்னால், அப்பாவே என்ன சொல்லிவிட்டார் என்பது கமாக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் ஒலிபெருக்கியைக் கையால் பொத்தினாள். அதற்குள் எல்லாம் கேட்டாயிற்று.

கண்ணாடிக் கடை அம்மா யாரையும் பார்க்கவில்லை. நாற்காலிகளை விலக்கிக்கொண்டு மேடைக்கு அருகில் வந்துவிட்டார்.

"எங்க போறேன்னு சொன்னாரா ஐயா?"

"வீட்டுக்குத்தாம்மா. வேற எங்க?" என்றார் பெரியவர். "பொண்ணு பொறந்து ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் மூஞ்சியப் பாக்கலன்னான். அதத்தானே வழி பூரா பேசினான்."

அறுபது வயதுப் பெண் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவரை அண்ணாந்து பார்த்தார்.

"வரலையே ஐயா" என்றார்.